எலிகள் வழியாகப் பேசிக்கொண்டவர்கள்

காலை ஐந்து ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அரக்கு நிறப் பட்டு நூல். அதன் பிறகுதான் அண்ணனின் உள்ளங்கையும் அதில் கிடந்த எலியும் தெரிந்தன. நூல் எலியின் பின்னங்கால்கள் இரண்டையும் அடிவயிற்றோடு சேர்த்துச் சுற்றியிருந்தது. ஒரு பாதம் கறுத்து வீங்கியிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன.

அண்ணன் இன்னொரு கையில் கத்தரிக்கோல் வைத்திருந்தார். “நீ வெட்டுடா,” என்று அதை என்னிடம் நீட்டினார்.

வெட்டினேன். நூல் விழுந்தது. எலி அசையவில்லை.

“சாயங்காலம் பொண்ணு போன் பண்ணுவாளே. இன்னான்னு சொல்றது?”

அது நம் வீட்டு எலி இல்லை. ஜெர்பில். பாலைவனத்துப் பிராணி. மணல் நிறம், பெரிய கறுப்புக் கண்கள், மயிர் மூடிய வால், நுனியில் சிறு குஞ்சம். தண்ணீர் அதிகம் குடிக்காது, அதனால் கூண்டில் நாற்றம் இருக்காது. பயந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அண்ணனின் ஒரே மகள் சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு ஜோடி வாங்கி வளர்த்தாள். கணவனோடு துபாய்க்குப் போகும்போது, கூண்டை எங்கள் ஊர் ஆரணிக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். “அப்பா வேணாம்னு சொன்னா நீங்களே வச்சிக்கோங்க சித்தப்பா,” என்றாள்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூண்டை வாங்கித் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போது அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் சம்மதிக்காத இடத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். எத்தனையோ மணப்பெண்களுக்குச் சேலை நெய்தவர், அவளுக்கு நெய்யவில்லை. சமாதானம் பேச அண்ணியும் உயிரோடு இல்லை.

கூண்டு வந்த வாரமே அவள் அண்ணனின் எண்ணுக்கு வீடியோவில் அழைத்தாள். எலிகளைப் பார்க்க வேண்டுமாம். அண்ணன் தன் முகம் தெரியாதபடி போனைக் கம்பிக்கு நேராகப் பிடித்தார். அவள் எலிகளிடம் பேசினாள்.

“சாப்டீங்களா செல்லங்களா? தாத்தா தண்ணி வச்சாரா?”

“வச்சாச்சுன்னு சொல்லுங்க,” என்று அண்ணனும் எலிகளிடமே சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் இதுதான். நான் பக்கத்து வீட்டிலிருந்து போய் உட்கார்ந்து கேட்பேன். ஒருநாள் அவள், “இங்க மணல்ல ஒங்க சொந்தக்காரங்களப் பாத்தேன். கங்காரு மாதிரி குதிக்கிறாங்க,” என்றாள்.

“ஒங்க சொந்தக்காரங்க இங்கியும் இருக்காங்கன்னு சொல்லுங்க. தேவிகாபுரம் பக்கம் மல்லாட்டக் கொல்லையில, கடலச் செடிக்கடியில, வளை தோண்டிகினு கெடக்குது, வெள்ளெலி.”

அவள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். போன் எலிகளைப் பார்த்தபடியே இருந்தது.

மார்கழி பிறந்ததும் அவள் சொன்னாள்: “அங்க குளிர ஆரம்பிச்சிருக்குமே. தாத்தாகிட்ட மெத்துன்னு எதனா கேட்டு வாங்கிக்கோங்க.”

எதைப் போட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளிடம் நேரே கேட்கும் வழக்கம் அண்ணனுக்கு இல்லை. எலிகளுக்குப் பதில் தெரியாது.

எங்கள் வீடுகளில் பட்டைவிட மெத்தென்ற பொருள் கிடையாது. தறியில் நெடுக்கு நூலான பாவை மாற்றும்போது மிஞ்சும் துண்டு நூலைக்கூடக் காலில் மிதிபட விடமாட்டோம்; சேர்த்து வைத்து எடைக்குப் போடுவோம். அண்ணன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, உதறிப் பிரித்து, கூண்டில் வைத்தார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பெத்த பொண்ணுக்கு ஒரு பொடவ நெய்யல. எலிக்குப் பட்டு மெத்தையா மாமா?”

“ஒனக்கு இன்னா பேஜாரு? வேலயப் பாரும்மா,” என்றார் அண்ணன். ஆனால் இன்னொரு பிடி எடுத்து வைத்தார்.

பருத்தி நூல் என்றால் எலி கடித்த இடத்தில் அறுந்திருக்கும். முறுக்கேற்றிய பட்டு இழுக்க இழுக்க இறுகும்.

எலி செத்த அன்று மாலை போன் வந்தபோது அண்ணன் அதைக் கூண்டுப் பக்கம் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“ஒண்ணு போயிடுச்சும்மா. நாந்தான் பட்டு போட்டேன். காலச் சுத்திகிச்சு.”

“பட்டா?”

“மெத்துன்னு இருக்கட்டும்னு.”

“பட்டு அறாதேப்பா. ஒனக்குத் தெரியாதா?”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அந்த வாக்கியத்தில்தான்.

அடுத்த அழைப்பு எனக்கு வந்தது. அழுது முடித்த குரல். “சித்தப்பா, அதுங்க தனியா இருந்தா தாங்காது. சென்னையில என் ஃப்ரெண்டு இதே மாதிரி வளக்கறா. ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்குவா. அப்பாகிட்ட சொல்லிடுங்க.”

“நீயே சொல்லேம்மா.”

“இப்ப வேணாம் சித்தப்பா.”

அண்ணனிடம் சொன்னேன். தறியிலிருந்து எழாமலே கேட்டார். “இதையும் குடுத்துட்டா அவ எதுக்குடா எனக்குப் போன் பண்ணுவா?”

அந்த வாரம் முழுக்க மிச்சமிருந்த எலி மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. வைத்த தினையைத் தொடவில்லை. அண்ணன் தறியில் அடிக்கும்போதெல்லாம் அதுவும் காலால் தட்டியது. வெள்ளிக்கிழமை அவர் தறியை நிறுத்தினார். “வரச் சொல்லுடா,” என்றார்.

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் வருவதற்குள் அண்ணன் கூண்டைக் கழுவி, கம்பி இடுக்கில் சிக்கியிருந்த இழைகளை ஊசியால் எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் போட்டிருந்தார். அவளுக்குக் காபி கொடுத்தார்.

“அவ நல்லா இருக்காளாம்மா?”

“நல்லா இருக்கா அங்கிள். ஒங்கள்ட்ட பேசுவா இல்ல?”

“பேசுவா,” என்றார் அண்ணன். “ஜல்தி கெளம்பும்மா, வெயில் ஏறினா அது தாங்காது.”

பேருந்து நிலையம் வரை கூண்டை அவரே தூக்கிவந்தார். ஜன்னலோர இருக்கை பார்த்து அவளை உட்காரவைத்து, கூண்டை மடியில் வைத்து, வெயில் படாமல் தன் துண்டால் மூடினார்.

மாத முடிவில் அவருடைய போனில் வீடியோவுக்காகப் போட்டிருந்த நெட் பேக் தீர்ந்தது. மறுபடி போட்டுத் தரும்படி அவர் என்னிடம் கேட்கவில்லை.