எண்ணெய்த் தலையோடு கோபேயில் ஒரு சனிக்கிழமை

மதுரையிலிருந்து ஜப்பானுக்குப் போய் உயிரோடு திரும்பிய நூல் வியாபாரிகளுக்கு ஒரு பட்டியல் போட்டால், அதில் முதல் பெயர் அடியேனுடையது. இரண்டாவது பெயர் என் மைத்துனன் சுந்தரத்தினுடையது. எங்களுக்கு இரண்டு வருஷம் முன்பே போய் வந்த கீழ மாசி வீதிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைப் பட்டு நூலை நெசவாளிகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மாதிரியை நேரில் பார்த்து வாங்கலாம் என்றுதான் சென்ற புரட்டாசியில் கிளம்பினோம். மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு இரண்டு மணி நேரப் படகு, கொழும்புக்கு மறுபடி ரயில். கொழும்பில் ஏறிய கப்பல் இருபத்தொரு நாள் எங்களை ஆட்டிவிட்டுக் கோபே துறைமுகத்தில் இறக்கியது. ஒசாகாவில் ஒன்பது நாள் நூல் பார்த்தோம், விலை பேசினோம், வேலை முடிந்தது. திரும்பும் கப்பல் கோபேயிலிருந்து சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. பகல் முழுக்கச் சும்மா. அந்தச் சும்மா பகலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மவர்கள் இன்னும் சிலர் போகப் போவதாகக் கேள்விப்பட்டேன்; அவர்களுக்கு உதவும்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு வழிகாட்டிகள் ஆபீஸ் இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு யென். ஒரு யென் நம் பன்னிரண்டரை அணா. ஆக மூன்று ரூபாய் இரண்டு அணா. காலை எட்டு மணிக்குப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, கைப்பை ஒன்றோடு ஆபீஸ் வாசலில் நின்றோம். எட்டரைக்கு மொரிதா என்பவர் வந்து, என் தொப்பைக்கு நேராகத் தலை வரும்வரை குனிந்து வணங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, அதில் வழிகாட்டி என்பதற்கு அடையாளமாகத் தகர வில்லை ஒன்று. இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாகப் பேசினார், அது பெரிய காரியமில்லை. முன்பு குமாஸ்தாவாக இருந்து வேலை போய், இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாராம். இந்த வேலை கிடைத்து மூன்று மாதம். ஆறு மாதத்துக்கு ஒரு புகாரும் வராவிட்டால் வில்லை நிரந்தரம், வந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். நடக்கும்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்று எங்கும் அவசரப்பட வேண்டாம். நிதானமாகப் பார்ப்போம்" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் அருவி. சன்னோமியா ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல் நடை, பிறகு கொஞ்சம் ஏற்றம். ஊருக்கு முதுகுப் பக்கத்திலேயே மலை, மலைக்குள்ளேயே அருவி. உயரம் நூற்றைம்பது அடிக்குள்தான் என்றார் மொரிதா. மதுரையில் நான் இதுவரை ஆயிரத்தைந்நூறு என்று சொல்லி வந்திருக்கிறேன். அச்சில் வருவதால் திருத்திக்கொள்கிறேன். வருஷத்தில் பத்து நாள் வைகையில் தண்ணீரைப் பார்த்தே பரவசப்படுகிறவர்கள் நாங்கள். அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி நின்றோம்.

பத்தரைக்கு ஒரு வாடகைக் கார். ஊருக்குள் எங்கே போனாலும் ஒரு யென்தான், பேரமே கிடையாது. சுந்தரம் பேரம் பேசாமல் ஏறியது அவன் பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. மலையடிவாரத்தில் கம்பியால் இழுக்கும் ரயில் ஒன்று இருக்கிறது. செங்குத்தாக ஏறுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொக்கநாதரிடம் பேச்சுவார்த்தை நடத்தினேன். மேலே போய்க் கண்ணைத் திறந்தால் காலடியில் துறைமுகம்.

"மச்சான், மாட்டுத்தாவணியில மாடு கட்டிக் கெடக்கிற மாதிரியில்ல கப்பலக் கட்டிப் போட்ருக்கான்" என்றான் சுந்தரம்.

"நம்ம கப்பலு எது மாப்ள?"

"அந்தா, கொம்பு ரெண்டு வச்சிருக்கே, அது."

அவன் சொன்னதை மொரிதாவுக்கு மொழிபெயர்த்தேன். கோபே மாட்டுக்கும் பேர் போன ஊர்தான் என்று அவர் மரியாதையாகச் சொன்னார். மேற்கொண்டு நாங்கள் விசாரிக்கவில்லை.

சாப்பாடு பன்னிரண்டரைக்கு, மோட்டோமாச்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய உணவுக்கடையில். சைவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். ஜப்பானில் மீன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாற்றிலும் இருக்கிறது. மொரிதா நேரே அடுப்படிக்குப் போய், சமையற்காரரிடம் கால் மணி நேரம் பேசி, எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் சோறும், சோயாப் பாலை உறைய வைத்துச் செய்யும் வெள்ளைக் கட்டியும், உப்பில் ஊறிய முள்ளங்கியும் வாங்கித் தந்தார். ஆளுக்கு முப்பது சென்; நூறு சென் ஒரு யென். பதில் மரியாதையாக எங்கள் எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். முழுத் துண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆழமான சுவை" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கப்பலில் நல்ல தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். ஒசாகா விடுதியில் பச்சைத் தண்ணீர்தான். இப்படியே நான்கு சனிக்கிழமை போய்விட்டது. என் மண்டைச் சூட்டில் அப்பளம் பொரிக்கலாம். கைப்பையில் ஒரு புட்டி நல்லெண்ணெயும், ஒரு படி சீயக்காய்ப் பொடியும் மதுரையிலிருந்து என்னோடு வந்து சும்மா இருந்தன. வெந்நீர்க் குளியலுக்கு வழி உண்டா என்று மொரிதாவிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. தெருவுக்குத் தெரு பொதுக் குளியற்கூடம் உண்டாம். இரண்டு மணிக்குத் திறப்பார்களாம். ஆளுக்கு ஐந்து சென்.

இரண்டேகாலுக்கு ஒரு குளியற்கூடத்துக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு பழக்கத்தில் மட்டும் நாங்கள் ஊர்க்காரர்களாகவே நடந்துகொண்டோம். உள்ளே உயரமான மேடையில் உரிமையாளர் அம்மாள் உட்கார்ந்து காசு வாங்குகிறார். மொரிதா தெளிவாகச் சொன்னார்: "முதலில் வெளியே உட்கார்ந்து உடம்பைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி எல்லோருக்கும் பொது." சொல்லிவிட்டு, துண்டு வாங்க வாசல் பக்கம் போனார்.

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்த பிறகு சொந்தமாக யோசித்தேன், அங்கேதான் கேடு. எட்டடிக்குப் பத்தடித் தொட்டி, கழுத்தளவு வெந்நீர், ஆவி பறக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதில் அரை மணி ஊறி, பிறகு வெளியே வந்து சீயக்காய் போட்டால் நாலு சனிக்கிழமைச் சூடும் ஒரே மூச்சில் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை புட்டியில் முக்கால்வாசி தேய்த்தேன்.

"மச்சான், பொதுத் தொட்டின்னு சொன்னாரே" என்றான் சுந்தரம்.

"வைகையில தண்ணி வந்தா நூறு பேரு எண்ணெ தேச்சுக் குளிக்கிறான். ஆறு கோவிச்சுக்கிருச்சா?"

"ஆறு ஓடுது மச்சான். இது நிக்கிது."

இறங்கிவிட்டேன்.

தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கிழவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சி மற்றவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் யாரோ மீன் பொரிக்கிறார்கள் என்று சொன்னாராம், பிறகு தெரிந்தது. நல்லெண்ணெய் அங்கே பொரிக்கிற எண்ணெய். அவர்கள் கண்ணைத் திறந்தபோது தண்ணீர்மேல் வானவில் படர்ந்து அவர்கள் தாடைவரை போயிருந்தது. திட்டவில்லை. மெதுவாக எழுந்தார்கள். இரண்டு பேரும் கும்பாபிஷேகம் முடிந்த விக்கிரகம்போல் பளபளத்தார்கள்.

மொரிதா துண்டோடு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை கோட்டு வில்லைக்குப் போயிற்று.

அந்த அம்மாளும் வந்து பார்த்தார். தண்ணீரை மத்தியானத்திலிருந்து காய்ச்சியிருக்கிறார்கள். நாலரைக்குத் துறைமுகக் கூலிகளும் ஆலைக்காரர்களுமாக இருநூறு பேர் வருவார்கள். அவர் சத்தம் போடாமல் மொரிதாவிடம் நாலே வார்த்தை பேசினார். மொரிதா இடுப்புவரை குனிந்தார், நிமிரவே இல்லை. அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். எந்த ஆபீஸ் என்று கேட்டாராம்.

பிறகு மொரிதா என் பக்கம் திரும்பி, "கவலைப்பட வேண்டாம். வாசலில் கார் வரச் சொல்கிறேன். நீங்கள் கப்பலுக்குப் போங்கள். நான் இருந்து தொட்டியைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்றார்.

நான் வாயால் ஊரையே விற்கிறவன். ஆனால் ஒருவன் சோற்றில் மண்ணைப் போட்டதில்லை. எண்ணெயையும் ஊற்ற மாட்டேன். கோட்டைக் கழற்றப் போன அவரைத் தடுத்தேன். நான் செய்தது, நான்தான் தேய்ப்பேன் என்றேன்.

"மச்சான், மணி மூணு" என்றான் சுந்தரம். "ஏணிய அஞ்சரைக்கே எடுத்துருவான்."

"தெரியும் மாப்ள."

"அடுத்த கப்பலு பதினஞ்சு நாளு. அக்காவுக்கு நீங்களே தந்தி குடுங்க. எண்ணெ தேய்க்கப் போனோம், கப்பல விட்டுட்டோம்னு."

"வேட்டிய மடிச்சுக் கட்டு."

"கட்டிட்டுத்தான நிக்கிறேன்."

தண்ணீரை வடித்தார்கள். பீங்கான் ஓடு பதித்த தளம், ஓடு பதித்த சுவர், எல்லாம் வழவழ. அவர்களுடைய சோப்பு அதன்மேல் சறுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் ஒரு படி சீயக்காய்ப் பொடி ஞாபகம் வந்தது. குழைத்து அப்பினேன். நாங்கள் மூவரும் மண்டியிட்டுத் தேய்த்தோம். மொரிதா நான் தடுத்தும் கேட்காமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னும் இரண்டு தூரிகைச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்தக் கிழவர்கள். ஒருவர் சீயக்காயை முகர்ந்து பார்த்துத் தன் கையிலும் தேய்த்துக்கொண்டார்.

நாலேகாலுக்குத் தொட்டி பளிச்சென்றிருந்தது. அந்த அம்மாள் விரலால் தளத்தைத் தடவிப் பார்த்தார். புதுத் தண்ணீர் விழத் தொடங்கியது. காய்ந்து நிரம்ப ஐந்தே கால் ஆகுமாம். வாசலில் கூலிகள் துண்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூட முறைக்கவில்லை. அது என்னை அதிகம் வருத்தியது.

அம்மாள் என் தலையைச் சுட்டிக்காட்டினார். நான் இன்னும் எண்ணெயாகவே நின்றிருந்தேன். ஓரத்தில் மூன்று வாளி வெந்நீர் வைக்கச் சொன்னார். மிச்சமிருந்த சீயக்காயைத் தேய்த்து அங்கே உட்கார்ந்து குளித்தேன். மூன்றே வாளி. ஆயுளில் அப்படி ஒரு குளியல் குளித்ததில்லை என்பதில் ஒரு சொட்டு மிகை கிடையாது. பணத்தை நீட்டினேன். மூன்று பேருக்குப் பதினைந்து சென் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினார். ஆபீஸுக்குச் சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காரில் ஏறும்போது ஐந்து. பயணிகள் அபிப்பிராயம் எழுதும் புத்தகம் ஒன்றை மொரிதா ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டும். எழுதுங்கள் என்று அவர் கேட்கவில்லை, நானே வாங்கினேன். எழுதத் தொடங்கினால் எனக்கு இமயமலையும் ஐராவதமும் வரும். அன்றைக்கு வந்தது இவ்வளவுதான்: "முதலில் கழுவு, பிறகு இறங்கு என்று இவர் சரியாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. பொதுத் தொட்டியைக் கெடுத்தது நான். இவர்மேல் பிழை இல்லை." கையெழுத்துப் போட்டு, சுந்தரத்தையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு ஏணியில் ஏறினோம். கப்பல் நகர்ந்தபோது மொரிதா துறையில் குனிந்து நின்றார். வில்லை கோட்டில்தான் இருந்தது. நாளைக்கு இருக்குமா என்பது தெரியாமலே இருபத்தொரு நாள் வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. துறைமுக எதிரிலுள்ள ஆபீஸில் முந்தின நாளே சொல்லி வையுங்கள். பெட்டியைக் காலையிலேயே கப்பலில் ஏற்றிவிடுங்கள். நாங்கள் தப்பித்தது அதனால்தான். கழற்ற எளிதான செருப்புப் போடுங்கள். சைவம் என்றால் காலையிலேயே சொல்லுங்கள், இலைமுன் உட்கார்ந்த பிறகு அல்ல. அருவி, மலை ரயில், சாப்பாடு, கார் எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் வழிகாட்டிக் கூலியோடு பத்து யெனுக்குள் முடிந்தது. அந்த ஊரின் ஒழுங்கையும் அன்பையும் நம்மாட்கள் யாரும் மறுபடி சோதிக்க வேண்டாம். ஒரு தொப்பை போதும்.

தை மாதம் மொரிதாவின் கடிதம் வந்தது. மறுநாள் காலையில் அவரே மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொல்லிப் புத்தகத்தையும் நீட்டியிருக்கிறார். அதிகாரி ஆளனுப்பிக் குளியற்கூடத்தில் விசாரித்திருக்கிறார். கட்டிய நாளிலிருந்து தொட்டி இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை, புகார் ஒன்றுமில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ஆறு மாதம் முடிந்தது, வில்லை அவருடையதாகிவிட்டது. கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். சுந்தரம் மூக்கைச் சிந்திக்கொண்டு, நூல் தூசி என்றான்.

கடிதத்தின் அடியில் அந்த அம்மாள் சொல்லச் சொன்னதாக ஒரு செய்தி. இரவு கடை அடைக்கும்போது எப்படியும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்களாம். மறுபடி வந்தால் அந்த நேரத்துக்கு வரவேண்டுமாம். எல்லோரும் குளித்துப் போன பிறகு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேண்டிய மட்டும் ஊறலாமாம்.

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் எனக்கென்று ஒரு தொட்டி வெந்நீர் இருக்கிறது. மதுரையில் என் சொந்த வீட்டில் ஒரு அண்டாதான்.