கார்ப் பிடிக்கப் போன மாமா

எங்கள் மாமா லண்டனுக்கு மீன் பிடிக்கத்தான் போகிறார் என்பதைக் கொழும்பு வெள்ளவத்தையில் முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. செய்தியைக் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள். மேல்மாடியில் இருந்தவர் மாமாவின் தோளில் தட்டி, "நல்ல ஐடியா தம்பி, இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் வராத ஐடியா" என்றார். மாமா கூச்சத்தோடு, "இல்லை அண்ணை, உண்மையா மீன் பிடிக்கத்தான்" என்றார். "ஓமோம், எல்லாரிட்டையும் அப்பிடியே சொல்லும்" என்று அவர் இன்னும் பலமாகத் தட்டிவிட்டுப் போனார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் நடந்த போர் காரணமாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒரு கட்டடக் கம்பனியில் படம் கீறுகிற வேலை பார்த்தார். அந்தக் கம்பனிக்கு இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர்தான் அவருக்குத் தூண்டில் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பொல்கொடை வாவிக்குப் போவார்கள். பிடித்த மீனையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு மாமா வெறுங்கையோடு வருவார். அம்மாவுக்கு அதுதான் பொறுக்காது. "கொண்டுவந்தாலாவது ஒரு குழம்புக்கு ஆகும். விடுறதுக்கு என்னத்துக்கடா பிடிக்கிறாய்?" என்று கத்துவார்.

ஊர் திரும்பிய கிழவர் ஒருநாள் கடிதம் எழுதினார். இரண்டு கிழமை வந்து என்னோடு நில், எங்கள் ஏரியில் கார்ப் பிடிக்கலாம் என்று. அந்தக் கடிதத்தைக் காட்டி மாமா விசாவும் எடுத்துவிட்டார். கடிதத்தின் பின்பக்கத்தில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. தூண்டில் கோல் என்னிடம் இருக்கிறது, மற்றதெல்லாம் உன் கைக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். கார்ப் குளத்து மீன். உதடு தடிப்பு, வாயில் பல் இல்லை. இரையை உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். ஆகவே தூண்டில் முள் சின்னதாக இருக்க வேண்டும், அதேநேரம் இழுத்தால் வளையவும் கூடாது. இதையெல்லாம் மாமா எனக்குச் சொல்லித்தர, நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி அவர்களின் உயிரை வாங்கினேன். புறக்கோட்டையில் வாங்கிய முட்களை அளவுவாரியாகப் பிரித்து, தங்கூசி நைலோன் நரம்புச் சுருள், மிதவைகள், ஈயக் கட்டிகள், ரீல் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கியது நான்தான். அந்த ரின்னை மாமாவே என்னைக் கேட்காமல் திறக்கமாட்டார்.

வில்லங்கம் பெட்டி அடுக்கும்போது வந்தது. இருபது கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது. அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ. குளிருக்கு இரண்டு ஸ்வெற்றர். அதற்குக் கீழே ஒரு தடித்த பைல். பிறந்த சேட்டிபிக்கற், படித்த சேட்டிபிக்கற், கிராம சேவகரின் கடிதம், போன மாதம் சுற்றிவளைப்பில் மாமாவைப் பிடித்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்ததற்கு பொலிஸ் கொடுத்த துண்டு எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த இரண்டு நாளும் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தராசில் வைத்துப் பார்த்தபோது பெட்டி இருபத்திரண்டு கிலோ இருந்தது. அம்மா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை, என் ரின்னைத் தூக்கி வெளியே வைத்தார்.

மாமா சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இடமில்லாட்டி விடுங்கோ அக்கா" என்றார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். மிளகாய்த்தூளைக் கொண்டுபோய் ஏரிக்குள் கொட்டியா கார்ப் பிடிக்கிறது?

புறப்படுகிற அன்று காலையில் எல்லோரும் பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார்கள். தலை முழுகவில்லை என்று பொய் சொல்லி நான் வீட்டில் நின்றேன். பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த பைலையும் ஒரு மிளகாய்த்தூள் பையையும் வெளியே எடுத்தேன். நிறை சரிவரும் மட்டும் தராசில் ஏற்றி இறக்கி, ரின்னை ஸ்வெற்றருக்குள் சுற்றி வைத்து மூடினேன். பைலை என் மெத்தைக்குக் கீழேயும், தூள் பையைக் குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் தள்ளினேன். பின்னேரம் மாமா வான் வண்டியில் ஏறும்போது நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டு கை காட்டினேன்.

அடுத்தநாள் மெத்தையை உதறிய அம்மாவின் கையில் பைல் அகப்பட்டது. எனக்குக் கன்னத்தில் ஒன்று பளாரென்று விழுந்தது.

"எடி சனியனே, அவன்ரை சீவியத்தையே அழிச்சுப்போட்டியேடி! ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் அவன் அங்கை என்னெண்டு அகதிக் கேஸ் போடுவான்? திருப்பி அனுப்பினாங்களெண்டால் இஞ்சை எயாப்போட்டிலையே வைச்சு பொலிஸ் தூக்கிக்கொண்டு போயிடுவாங்களே!"

"மீன் பிடிக்கிறதுக்கு என்ன கேஸ்?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அப்பா பைலைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்தார்.

மூன்று நாள் மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா கீழ்வீட்டு அன்ரியின் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஏதோ கொலை செய்துவிட்டேன் என்று மட்டும் விளங்கியது, யாரை என்று விளங்கவில்லை. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் நேர்ந்துகொண்டேன்.

நாலாம் நாள் காலையில் ரெலிபோன் மணி அடித்தது. அம்மா "தம்பி!" என்று கத்திய சத்தத்தில் மேல்மாடிக்காரரும் இறங்கி வந்துவிட்டார். மாமா லண்டனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா அங்கே சொல்லச் சொல்ல, அம்மா அதைத் திருப்பி எங்களுக்குச் சொன்னார்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்களாம். அதே பிளேனில் வந்த இரண்டு பொடியன்களின் பெட்டிகளில் சேட்டிபிக்கற் கட்டுகள் இருந்தனவாம். சும்மா சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டு, அவர்களை ஒரு அறைக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். மாமாவின் பெட்டியில் அகப்பட்டது என் ரின்தான். அந்த அதிகாரியும் தூண்டில் பைத்தியமாம். முள்ளொன்றை எடுத்து நகத்தில் உரசிப் பார்த்து, ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டிருக்கிறார். கார்ப் துப்பிவிடும் என்று மாமா சொன்னதும், பெரிய மீனாகப் பிடி என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டாராம்.

அம்மா ரெலிபோனோடு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார், அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். அடித்த கன்னத்திலேயே என்னைக் கொஞ்சினார். என் நெஞ்சிலிருந்த கல் அப்படியே இறங்கியது. ரெலிபோனைப் பறித்து, "மாமா, எத்தனை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஏரிக்குப் போகேல்லை பிள்ளை" என்றார். உடனேயே, "அந்தப் பைலை அனுப்பச் சொல்லு அம்மாட்டை. விலாசம் சொல்லுறன், எழுது" என்றார்.

அது கிழவரின் விலாசம் இல்லை, வேறு யாரோ ஒரு தமிழரின் வீடு. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? எனக்குக் கிடைத்த மன்னிப்பில் தலைகால் புரியவில்லை. கடித உறையில் என் முத்தான எழுத்தில் விலாசத்தை எழுதினேன். அன்று மத்தியானமே அப்பாவோடு தபால் கந்தோருக்குப் போய், முத்திரைகளை நானே ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டேன்.

போய்ச் சேர எத்தனை நாள் செல்லும் என்று அப்பா சிங்களத்தில் கேட்டார். பத்து, பன்னிரண்டு நாள் என்றார் உள்ளே இருந்தவர்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அது போய்ச் சேரேக்கை இரண்டு கிழமையும் முடிஞ்சு மாமா இஞ்சை வந்திடுவாரே அப்பா, ஆர் கையெழுத்து வைச்சு எடுக்கிறது?"

"மாமா எடுப்பார், பிள்ளை" என்றார் அப்பா.

காலி வீதியைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தவர், கடந்த பிறகும் விடவில்லை. பாவம், அப்பாவுக்கு நாள் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி வீடு வரும்வரை அவருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன்.