மைக்கில் சொன்ன கடவுச்சொல்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, குடைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் நடுவில், ஒரு பழைய கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையத்தளம் அதில்தான் இருந்தது. டொராண்டோவில் யாராவது கலியாணப் படம் பார்த்தால் எங்கள் வீட்டு இன்டர்நெட் மந்தமாகும். "கனடாக்காரர் நித்திரையால எழும்பீட்டினம்" என்பாள் மகள்.

படம் ஏற்ற எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதை மறந்துவிட்டு எனக்குப் போன் எடுப்பார்கள். ஆண்டு ஒன்றுகூடலில் தலைவர் அதை மைக்கில் அறிவித்துவிட்டார்.

"என்ன அண்ணை இது?" என்றேன்.

"எல்லாம் எங்கட சனம்தானே, தங்கச்சி. ஒருக்காச் சொன்னால் உமக்கும் கரைச்சல் இல்லை."

வராதவர்களுக்காக ஒருவர் அதைத் தளத்தின் வருகையாளர் பக்கத்திலும் எழுதிவைத்தார். அவர் எழுதியதை அழித்தேன். கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றினால் மறுபடி எல்லோரும் போன் எடுப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். எங்கள் இணைப்பில் ஒரு வங்கியின் போலிப் பக்கம் ஓடுகிறது, பலர் ஏமாந்திருக்கிறார்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்தக் கடவுச்சொல்லை வைத்து யாரோ அதை ஏற்றியிருக்கவேண்டும் என்று எனக்கு விளங்கியது. படிக்குக் கீழிருந்த கணினியை நானே காட்டினேன். பிறகு மகளின் அறைக்குப் போனார்கள். மேசையிலிருந்த மடிக்கணினி யாருடையது என்று கேட்டார்கள்.

மகளின் பெயர் பொலிஸ் தாளில் ஏறக்கூடாது. அது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. என்னுடையது என்றேன்.

அதையும் ஒரு பையில் போட்டு, என் பெயரை எழுதி ஒட்டினார்கள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில குடுக்கிற கோர்ஸ்வேர்க் அதுக்குள்ள. வேற எங்கயும் இல்லை. சொல்லுங்கோ அம்மா."

அவள் தமிழில்தான் சொன்னாள், என் பொய் அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று. சொன்னதை நான் மாற்றவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ, தெரியாது.

பள்ளிக்கூடம் இரண்டு கிழமை அவகாசம் கொடுத்தது. நூலகத்தில் இருந்துகொண்டு, ஞாபகத்தில் உள்ளதை எழுதினாள். புள்ளி குறைந்து, விரும்பிய பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை.

என்மேல் வழக்குப் போடவில்லை. ஆறு மாதத்தின் பின் எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்கள். அதே வாரம் தலைவர் போன் எடுத்தார்.

"சைட் எப்ப திரும்ப வரும், தங்கச்சி? சனம் கேக்குது."

"இனி ஏலாது அண்ணை."

என் பெயர் ஒட்டிய பையோடு மடிக்கணினியை மகளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அது உங்கட எண்டுதானே சொன்னீங்கள்" என்றாள். குரலில் கோபம் இல்லை. தேநீர் போட்டு எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டு மேலே போனாள்.

பையைப் படிக்குக் கீழே வைத்தேன். திரும்பி வந்த கணினியை நான் மறுபடி அங்கே வைக்காததால், அது இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது.