அண்ணனுக்குப் பின்னாடி இன்னா வெக்கிறது

கள்ளக்குறிச்சியில ஒரு ஸ்டுடியோவுல மிக்சிங் வேல செய்றேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணின்னு எடுக்குற வீடியோவ எல்லாம் வெட்டி ஒட்டி பாட்டு போட்டு குடுக்கறது. பத்தாவதோட நின்னுட்டேன். கம்ப்யூட்டர் கடைக்கு வந்து கத்துகினது தான். இங்கிலீஷ்ல எதனா மெசேஜ் வந்தா எழுத்துக்கூட்டி படிப்பேன், புரியாட்டி ஓகேன்னு அமுக்கிடுவேன்.

எங்க கடைக்கு வர்றவங்க பாதி பேரு செத்துப்போனவங்கள வீடியோவுல சேக்கச் சொல்வாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு அப்பா இல்லன்னா பழைய போட்டோவ குடுத்து, மேடைக்கி பின்னாடி நின்னு ஆசீர்வாதம் பண்ற மாதிரி வெச்சி குடும்மான்னுவாங்க. நானும் வெச்சி குடுப்பேன். மேகத்துல நிக்கிற மாதிரி, பூ கொட்ற மாதிரி. இன்னாடா இந்தாளு மேகத்துல பனியனோட நிக்கிறாருன்னு எனக்கு சிரிப்பு கூட வரும். இப்ப வர்றதில்ல.

போன கரும்பு வெட்டுல எங்க அண்ணன் செத்துட்டான். கச்சிராயபாளையம் பக்கம் வெட்டப் போய்க்கினு இருந்தான். சாயங்காலம் லோடு மேல ஒக்காந்துகினு வந்திருக்கான். பள்ளத்துல டிராக்டர் ஆடுச்சி, விழுந்துட்டான். அவ்ளோ தான். இதுக்கு மேல அதப் பத்தி எழுத எனக்குத் தெரியல.

அதுக்கப்புறம் அக்கா புள்ளைக்கி காதுகுத்து வந்துச்சி. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சி தான குத்தணும். எங்க வூட்ல ஆம்பளப் புள்ள அவன் ஒருத்தன் தான். மடிக்கி ஆளில்லன்னு சித்தப்பா பையன ஒக்கார வெச்சாங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்ல, பாவம், வேஷ்டி எல்லாம் புதுசா எடுத்து கட்டிகினு வந்தான். ஆனா அன்னிக்கி எனக்கு அவன கண்டாலே ஆவல. இவன் மட்டும் எதுக்கு உசுரோட இருக்கான்னு நெனச்சேன். நெஜமாவே நெனச்சேன்.

புள்ளைய மடியில வெச்சதும் அக்கா கத்துச்சி. "பின்னாடி யாரும் நிக்காதீங்க, நவுருங்க, நவுருங்க!"

வீடியோவுக்கு மறைக்குதுன்னு எல்லாரும் நவுந்துட்டாங்க. அக்காவோட மாமியாருக்கு மட்டும் கோவம். "எங்கள எல்லாம் தொரத்திட்டு அந்த எடத்துல யாரம்மா நிக்க வெக்கப் போற, கலெக்டரயா?"

அக்கா என்ன பாத்துச்சி. எனக்கு அப்பவே புரிஞ்சிபோச்சி.

மறுநாள் போன் பண்ணிச்சி. "அவன அங்க நிக்க வெய்டி. போட்டோவா வேணாம். போட்டோ ஊர்ல எல்லாரும் வெக்கிறாங்க. அவன் அசையணும். நாளைக்கி எம்புள்ள பெருசானா, எம்மாமன் வந்து நின்னாருன்னு பாக்கணும்."

அசையற மாதிரி அண்ணன் இருக்குறது ஒரே ஒரு கிளிப்பு தான். கரும்புக் கொல்லையில நான் எடுத்தது. சோறு எடுத்துகினு போனேன், சும்மா செல்போன தூக்கினேன். அவன் மூஞ்செல்லாம் தூசி, தலையில துண்டு. என்ன பாத்ததும் கைய மேல தூக்கி மூஞ்ச மறைச்சிகினு, "போடி, எடுக்காத, அழுக்கா கீறேன்"னான். டிராக்டர் சத்தத்துல அவன் கொரல் கூட வுழல. என் போனும் அதுக்கப்புறம் செத்துபோச்சி. அக்காவுக்கு வாட்சப்ல அனுப்புன காப்பி மட்டும் தான் மிச்சம்.

கைய மேல தூக்குறான் இல்ல, அத பின்னால இருந்து முன்னால ஓட்டுனா கை கீழ எறங்கும். புள்ள தலையில வெக்கிற மாதிரி இருக்கும். இத எங்க கடை ஓனர் தான் சொன்னார். அவர நான் அண்ணேன்னு தான் கூப்புட்டுகினு இருந்தேன். அவன் போனதுல இருந்து அந்த வார்த்த வாயில வரல. சார்னுட்டேன். ஏன்னு அவரும் கேக்கல.

ஓடுற வீடியோவுல இருந்து ஒரு ஆள மட்டும் தனியா எடுக்கணும்னா, அத முதல்ல படம் படமா பிரிக்கணும். ஒரு செகண்டுக்கே இருவது முப்பது படம் வரும். ஒவ்வொன்னுலயும் ஆளச் சுத்தி இருக்குறத அழிக்கணும். அப்புறம் நம்பர் வரிசையா சேவ் பண்ணி உள்ள இழுத்தா மறுபடியும் வீடியோவா ஓடும். கடை வேலைக்கி நடுநடுவுல ஒக்காந்து அழிச்சேன். அண்ணன் தோளோரம் கரும்புச் சோகை, காதோரமும் அந்த காஞ்ச எல தான். ஒரு படத்துல முடிச்சா அடுத்த படத்துலயும் அதே சோகை. எங்கண்ணன கொன்ன கரும்ப ஒவ்வொரு தடவையும் பெருசு பண்ணிப் பாத்து அழிச்சிகினு இருந்தேன்.

எல்லாம் முடிச்சி, போட்டோவுக்கு எப்பவும் போடுற ஜேபெக்ல சேவ் பண்ணேன். சைஸ் கம்மியா இருக்கும்னு. இழுத்து வெச்சா, அண்ணன சுத்தி வெள்ளையா ஒரு கட்டம். எட்டிப் பாத்த ஓனர் சிரிச்சிட்டார். "இன்னாம்மா இது, ஆள பொட்டிக்குள்ள வெச்சிட்ட..."

பாதியில நிறுத்திட்டார். எங்க வூட்டு வாசல்ல அண்ணன ஐஸ் பொட்டியில வெச்சிருந்தப்ப மால போட வந்தவர் தான் அவரு.

அப்புறம் மெதுவா சொன்னார். "ஜேபெக்ல வெறும் எடம்னு ஒன்னு கெடையாதும்மா. நீ அழிச்சாலும் அது எதனா ஒரு கலர ரொப்பிடும். பிஎன்ஜில போடு. அதுல தான் அழிச்ச எடம் அழிச்சபடியே நிக்கும்."

"டிஃப்னு இன்னொரு வகை இருக்குதே, அதுல போட்டா இன்னும் நல்லா இருக்கும்னாங்களே சார்?"

"போட்டுப் பாரேன்."

போட்டேன். சைஸ் ஜாஸ்தியாகி சிஸ்டம் அப்படியே நின்னுபோச்சி. மூஞ்சி மட்டும் அதே மூஞ்சி தான், கட்டம் கட்டமா. "வாட்சப்ல வந்து ஏற்கனவே நசுங்குனது. அதுல இருக்குறது தான் இருக்கும்"னார்.

பிஎன்ஜில பொட்டி போச்சி. கை மூஞ்ச முழுசா மறைக்கிற சில படத்த நான் தூக்கிப் போட்டேன், மூஞ்சி தெரியட்டும்னு. ஓட்டுனா அந்த எடம் வரும்போது அண்ணன் காணாம போயி செவப்பா ஒரு பட்டை வருது. நடுவுல ஒரு நம்பர் இல்லன்னா சாப்ட்வேர் ஒத்துக்காதாம். நாங்க ஒத்துகினோமேன்னு நெனச்சேன். தூக்கிப் போட்டத எல்லாம் திரும்ப கொண்டாந்து வெச்சேன். மறைச்சிகினே இருக்கட்டும், போ.

அக்கா வூட்டு டிவியில பென் டிரைவ் மாட்டி பாத்தோம். சித்தப்பா பையன் மடியில புள்ள அழுவுது. பின்னாடி அண்ணன், அதே கொல்லைச் சட்டையோட. சட்டைய மாத்திடலாமான்னு கேட்டதுக்கு அக்கா தான் வேணாம்னுச்சி. கை மெதுவா மூஞ்சிலருந்து எறங்கி புள்ள தலைகிட்ட வருது. சண்ட போட்ட மாமியார் கூட முந்தானையால மூஞ்ச மூடிகிச்சி. அப்பா எழுந்து வெளிய போயிட்டார்.

அம்மா டிவிகிட்ட போயி நின்னுச்சி. "வாய் அசையுதே, இன்னாடி சொல்றான்?"

"நல்லாருன்னு சொல்றான்மா"ன்னு அக்கா சொல்லிச்சி. அவன் எடுக்காதன்னது எனக்குத் தான் தெரியும்.

ரெண்டு நாள் கழிச்சி அம்மா போன எடுத்துகினு வந்துச்சி. "பாப்பா, அவன மட்டும் தனியா இதுல போட்டுக் குடு. மத்தவங்க யாரும் வேணாம்."

வீடியோவா மாத்தி போட்டுக் குடுத்தேன். போன்ல ஓடுற வீடியோவுல வெறும் எடம் நிக்காது, கறுப்பாயிடும். அது எனக்குத் தெரியும்.

"எங்கடி நிக்கிறான்? ஒரே இருட்டா இருக்குதே. பின்னாடி எதனா வெய்டி."

கடையில இருக்குற பேக்ரவுண்ட எல்லாம் காட்டுனேன். பனி மல, அருவி, அரமன. "அங்கெல்லாம் எதுக்குடி அவன் போறான்"னுச்சி. மேகத்த நானே காட்டல. அவன் நெஜமா நின்ன எடத்தயே வெக்கலாம்னு பழைய கிளிப்ப போட்டேன். கரும்ப பாத்ததும் போன கவுத்து வெச்சிட்டுச்சி. "அத காட்டாத."

கடைசியா எங்க வூட்டு வாசல போட்டோ எடுத்து பின்னாடி வெச்சேன். நல்லா ஒட்டிகிச்சி. நீலக் கதவு, கொடியில அப்பா லுங்கி, முன்னாடி அண்ணன். அம்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துச்சி.

"வாசல்லயே நிக்கிறான். உள்ள வரமாட்றானே."

"அதுக்கு மேல படம் இல்லம்மா"ன்னேன்.

"எடுத்துடு பாப்பா. மொதல்ல இருந்ததயே போடு."

போட்டுட்டேன். இருட்டுலயே தான் நிக்கிறான். அம்மா வெளிச்சத்த ஃபுல்லா ஏத்தி வெச்சிகினு பாக்குது. ஏத்துனா அவன் மூஞ்சி தான் வெளுக்குது, பின்னாடி கறுப்பு கறுப்பாவே இருக்குது.