காம்பஸ் கிடைத்த மழை

2005ஆம் வருடம் கோடையில், செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் திசை பார்க்கிற கல்லூரிக் காம்பஸ் ஒன்றைத் தொலைத்தேன். அது வராமல் எனக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நான் ஜெபித்தேன். என்னோடு சேர்ந்து பலர் ஜெபித்தார்கள். அது கிடைத்தது. சாட்சி அவ்வளவுதான். ஆனால் அது கிடைத்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். சகோதர சகோதரிகளே, தெளிந்த பிறகு சொல்லலாம் என்று கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தேன். தெளிகிற மாதிரி இல்லை. அதனால் குழப்பத்தோடேயே சொல்கிறேன்.

என் பெயர் எபினேசர், வீட்டில் எபி. ஊர் மரக்காணம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. அப்பா பாத்தியில் உப்பு வாரி வரப்பில் குவிப்பார். அம்மா அதைக் கூடையில் சுமந்துபோய்ப் பெரிய குவியலான அம்பாரத்தில் கொட்டுவார். நான் அப்போது திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள் நான்தான். அதனால் டி.வி. தெரியவில்லை என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், மோட்டார் ஓடவில்லை என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் படிப்பது கட்டடம், ரோடு என்று சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது. இன்ஜினியர்தானே, பார்த்துச் சொல் என்பார்கள்.

எங்கள் சபையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உப்பு விளைகிற மாதங்களில் மழை என்ற வார்த்தை வருகிற எந்தப் பாட்டையும் நாங்கள் பாடுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, வழக்கம் அப்படி. ஒரு பெருமழை அடித்தால் பாத்தியில் இருக்கும் உப்பு கரைந்துவிடும். மறுபடி விளைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒருவருக்கும் கூலி கிடையாது. அந்த வருடம் புதிதாக வந்திருந்த பாஸ்டர் உப்பளம் இல்லாத கிளியனூர்ப் பக்கத்துக்காரர். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாதம் மழையாய் இறங்கட்டும் என்கிற மாதிரி ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார். சபையில் ஒரு வாய் திறக்கவில்லை. டோலக் அடிப்பவர்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் வியர்த்து விறுவிறுத்துத் தனியாகவே பாடி முடித்தார். ஆராதனை முடிந்ததும் கிரேஸ் அக்கா அவரிடம் போனார். அக்கா அம்மாவோடு கூடை சுமப்பவர், பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி மாதிரி.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பாட்ட ஐப்பசில பாடிக்கலாங்க" என்றார்.

இனி காம்பஸ் கதைக்கு வருகிறேன். சர்வே பாடத்துக்கு ஏதாவது ஒரு நிலத்தைச் சுற்றி அளந்து படம் போட்டுக் காட்டவேண்டும். அதற்கு லேபிலிருந்து ஒரு பித்தளைக் காம்பஸ் கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு இருக்கும், தோல் உறை போட்டிருக்கும். எது எந்தத் திசையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்கிற கருவி. எனக்கு ஜோடி ஸ்டீபன், பெருமுக்கலில் பஸ் ஏறுகிறவன். மேடு பள்ளம் இல்லை, மரம் மறைக்காது, உங்கள் அளத்தையே அளந்துவிடலாம் என்று அவன்தான் யோசனை சொன்னான். மரம் இல்லாத இடத்தில் நிழலும் இருக்காது என்பது அவனுக்கு அங்கே வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. காம்பஸ் வழியாகப் பார்த்தால் நட்டு வைத்த கம்பு தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கூடையோடு கடந்துபோன அக்காமார்கள், ஏம்பா, வடக்கு இன்னும் கிடைக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

சாப்பிடப் போகும்போது, கீழே வைத்தால் சேறாகிவிடும் என்று காம்பஸை உறையோடு வரப்பில் இருந்த ஒரு உப்புக் குவியலின் மேல் வைத்தேன். அளத்திலேயே வளர்ந்தவன் செய்கிற காரியமா அது? வரப்பில் உப்பைக் குவிப்பதே ஈரம் வடிந்ததும் அள்ளிக்கொண்டு போவதற்குத்தானே. நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வரப்பில் ஒரு குவியலும் இல்லை. பாத்தியிலிருந்து மேலும் உப்பை இழுத்துப் போட்டதில் உறை மூடிப்போயிருக்கிறது. அப்படியே கூடைக்குள் போய்விட்டது. யார் கூடையில் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கூடையாகக்கூட இருக்கலாம்.

அம்பாரம் ஒரு வீட்டு உயரம் நின்றது. அப்பாவும் நானும் கம்பியால் குத்திப் பார்த்தோம். கிளறிவிட்டால் நல்ல உப்பில் மண் கலந்துவிடும் என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளேதான் இருக்கிறதா, இல்லை வழியில் வாய்க்காலில் விழுந்துவிட்டதா என்பதே நிச்சயமில்லை.

லேப் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். உப்புக்குள் எப்படிக் காம்பஸ் போகும் என்று கேட்டார். விளக்கினேன். மறுபடியும் அதையே கேட்டார். கடைசியில், திங்கட்கிழமை காம்பஸோடு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் இந்த செமஸ்டரை மறந்துவிடு என்றார். புதிதாக வாங்கிக் கொடுப்பது எங்கள் வீட்டால் ஆகாத காரியம். நான் பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லவ் ஃபெயிலியர் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

அம்மாவும் கிரேஸ் அக்காவும் ஜெபக்குழுவில் எனக்காக உபவாசம் இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு அளத்தைச் சரிசெய்து அந்த வருடம் தாமதமாகத்தான் வேலை தொடங்கியிருந்தது. அதனால் அவர்கள் ஜெபத்தில் முதல் விண்ணப்பம் எப்போதும் ஒன்றே: மழை வரக்கூடாது. அடுத்தது என் காம்பஸ். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டு இரண்டுக்கும் ஆமென் சொன்னேன்.

சனிக்கிழமை படத்தை முடிப்பதற்காக ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன். அவர்கள் கிணற்றில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. காய் பிடிக்கிற நேரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடி மண்ணோடு வாடிக் கிடந்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு, ஸ்டீபனின் அப்பா கண்ணை மூடி ஜெபித்தார். அழுத்தமாக, யாரிடமோ நேரில் நின்று பேசுவதுபோலப் பேசினார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி தொலைச்ச பொருளு கெடைக்கணும். எங்க மல்லாட்டைக்கு ஒரு மழையும் வேணும். ரெண்டையும் நீங்கதான் குடுக்கணும்."

நான் சத்தமாக ஆமென் சொன்னேன். சோற்றில் கையை வைத்த பிறகுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்று எனக்கு உறைத்தது. பாதி ஜெபத்துக்கு மட்டும் ஆமென் என்று திருத்திச் சொல்ல முடியுமா? மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். காய்ந்துகிடந்த கொல்லையைப் பார்த்தபோது அப்படிச் சொன்னதும் தப்பாகத் தோன்றியது. என்ன ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறும்போது பெருமுக்கல் மலைக்கு மேல் வானம் கறுத்திருந்தது. பஸ் நகர்ந்ததும் சடசடவென்று பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் பாதி வழிவரைதான். அவர்களெல்லாம் இறங்கிப்போய், மரக்காணம் நெருங்க நெருங்க பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. இங்கே பெய்திருக்கக்கூடாது, இங்கே மட்டும் பெய்திருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரிலும் கொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் அளத்துக்கு ஓடினேன். எல்லோரும் அம்பாரத்தின் மேல் கீற்றுப் போட்டு மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஒவ்வொரு கீற்றாகப் பிடுங்கி எறிந்தது. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகி, உப்பு இருந்த இடம் தெரியவில்லை. அம்பாரத்தின் கடல் பக்கம் கரைந்து சரிந்து, காலடியில் வெள்ளையாக ஓடியது. கிரேஸ் அக்கா இரண்டு கையாலும் உப்பைத் தடுத்து நிறுத்தப் பார்த்தார். அது நிற்குமா?

அப்போது அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சரிந்த இடத்தில் ஒரு தோல் வார் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பிடித்து இழுத்தார். உறையோடு காம்பஸ் வந்தது.

அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். காம்பஸ் கிடைத்ததற்கா, உப்பு போனதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் எடுத்தேன், சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு துக்கமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. அம்மா என்னை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். இவர்கள் எல்லோரும் வேலை இழந்து உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் இழந்ததால் எனக்குக் கிடைத்தது என்று எந்த முகத்தோடு நன்றி சொல்வது? அம்மா விடவில்லை. கேட்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டாய், கிடைத்ததையும் எல்லோர் முன்னாலும் சொல் என்றார். எழுந்து நின்று, பெருமுக்கலில் ஆமென் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு எப்படி உட்காருவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். கிரேஸ் அக்காதான் கேட்டார்.

"டேய் எபி, நீ மழ கேட்டியா?"

"இல்லக்கா. நான் காம்பஸ்தான் கேட்டேன். மழைய ஸ்டீபனோட அப்பா கேட்டாரு. மல்லாட்ட காஞ்சி கெடக்குது."

"ரொம்பவா காஞ்சி கெடக்குது?"

"ரொம்பக்கா."

அக்கா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். அவருடைய உள்ளங்கைகள் உப்பில் வெடித்திருந்தன.

"சரி. அவங்களுக்கும் ஆண்டவருதானே அப்பா" என்றார். பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, எப்படியும் இனிமே கொஞ்ச நாளைக்கு வேலையில்ல. அன்னிக்கி நீங்க தனியா பாடுன பாட்டு இருக்குதே, அத எடுங்க."

பாஸ்டர் நம்பாமல் பார்த்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் அக்காவே ஆரம்பித்துவிட்டார். ராகம் சரியில்லை, குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அம்மா சேர்ந்துகொண்டார், பிறகு அப்பா, பிறகு எல்லோரும். டோலக் கடைசியில்தான் சேர்ந்தது. உப்புக் காலத்தில் எங்கள் சபையில் அந்தப் பாட்டு கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பாடவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

திங்கட்கிழமை லேப் சார் காம்பஸைத் திறந்து பார்த்தார். கண்ணாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. முள் ஆடி ஆடி நின்றது. வடக்கு வடக்காகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சை எழுதினேன். எல்லாப் பாடத்திலும் தேறினேன், சர்வேயில் மட்டும் அரியர். சிரிக்காதீர்கள். ஆண்டவர் காம்பஸைத் தேடித் தந்தாரே தவிர, எனக்காகப் படிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அந்த அரியரை 2006இல்தான் முடித்தேன்.

அளத்தில் வேலை மறுபடி தொடங்கும்வரை எங்கள் தெரு கஷ்டப்பட்டது. அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். அந்த வாரங்களில் என் காம்பஸை நினைத்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டதே இல்லை. பெண்கள் ஜெபக்குழு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. மழை வரக்கூடாது என்று மறுபடியும் முதலிலிருந்து ஜெபித்தார்கள். பாத்திகள் மெல்ல மெல்ல விளைந்தன.

மல்லாட்டை பிடுங்கியதும் ஸ்டீபனும் அவன் அப்பாவும் ஒரு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்குக் கொண்டுவந்தார்கள். நடந்ததையெல்லாம் ஸ்டீபன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எங்களுக்காகத்தான் கேட்டோம், உங்களுக்கு இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெரிய அண்டாவில் மல்லாட்டையைக் கொட்டி, புதிதாக விளைந்த எங்கள் அளத்து உப்பைப் போட்டு அவித்தார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டோம். கிரேஸ் அக்கா ஸ்டீபனின் அப்பாவுக்கு இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டு, உப்பு போதுமா அண்ணே என்று கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை உரித்தார்.

இப்போது நான் ரோடு போடுகிற சைட்டில் வேலை செய்கிறேன். மழை வந்தால் எனக்கும் வேலை நிற்கும். யாருடைய ஜெபம் அன்று கேட்கப்பட்டது, யாருடையது தள்ளப்பட்டது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஆமென் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, பெருமுக்கல்காரர்களுக்கும் பார்த்துச் செய்யுங்கள் ஆண்டவரே என்று சேர்த்துக்கொள்வேன்.

நீங்களும் உங்கள் குழப்பத்தோடேயே அவரிடம் வாருங்கள். புரிந்த பிறகு நம்பலாம் என்று நான் இருந்திருந்தால் இன்னும் அம்பாரத்தைக் கம்பியால் குத்திக்கொண்டேதான் நின்றிருப்பேன். நம்முடைய எல்லா விண்ணப்பங்களும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அங்கே கேட்கிறவருக்குக் குழப்பம் இல்லை. ஆமென்.