வெறுமையாக விட்ட இரு கட்டங்கள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரொன்றில் நானும் இன்னொருவரும் எழுதுவினைஞர்களாக இருந்தோம். கொழும்பிலிருந்து புகைவண்டியில் வரும் ஆங்கிலப் பத்திரிகையை வெள்ளைக்கார அதிகாரி படித்துவிட்டு மறுநாள் எங்களிடம் தருவார். மதிய உணவுக்குப் பின் அதன் குறுக்கெழுத்தை இருவரும் பென்சிலால் நிரப்புவோம். அதன்பின் அத்தாள் எங்களுடையதன்று. இரவில் வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க, பசை தடவி யன்னற் கண்ணாடிகளில் ஒட்டிவிடுவார்கள்.

கூட இருந்த எழுதுவினைஞர் என்னிலும் ஏழு வயது மூத்தவர்; அண்ணை என்றழைப்பேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றின் பீ.ஏ. பரீட்சையை, வேலை பார்த்துக்கொண்டே இருமுறை எழுதித் தோற்றவர். மூன்றாம் முறை கொழும்பு சென்று எழுதி வந்திருந்தார். விடைத்தாள்கள் கப்பலேறிவிட்டன. பட்டம் கிடைத்தால் கல்லூரியொன்றில் ஆசிரியர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் முப்பத்தைந்து வயதானவரை அங்கே புதிதாக எடுப்பதில்லை. அண்ணைக்கு முப்பத்துநான்கு நடந்துகொண்டிருந்தது.

குறுக்கெழுத்து அமைப்பவருக்குப் பட்டங்களிலும் ஆண்டுக் கணக்குகளிலும் தீராத விருப்பம். ஐந்தாண்டுக் காலம், ஏழெழுத்து. நூறாண்டு, அதுவும் ஏழெழுத்து. கலைப் பட்டம், இரண்டெழுத்து. இந்தக் கடைசிக் குறிப்பு முதன்முறை வந்தபோது நான் பென்சிலை வைக்கப் போக, அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடும் தம்பி. றிசல்ட் வரமுன்னம் அதை எழுதக்கூடாது. பிள்ளை பிறக்கமுன்னம் ஆரும் தொட்டில் கட்டுறதே?”

“இது பேப்பர்க்காரன்ர பட்டம் அண்ணை, உங்கடயில்லை.”

“ஆருடையதெண்டாலும் இருக்கட்டும். வந்த பிறகு நானே எழுதுறன்.”

அன்றுமுதல் அவ்விரு கட்டங்களையும் வெறுமையாக விடுவது எங்கள் வழக்கமாயிற்று. அவற்றை ஊடறுத்துச் செல்லும் சொற்களும் ஓரெழுத்துக் குறைந்து நின்றன. ஒருமுறை பத்தாண்டைக் குறிக்கும் சொல்லுக்கே அக்கதி நேர்ந்தது. “பத்து வருஷமாப் படிக்கிறன், ஒரு ஓட்டை இன்னும் அடைபடேல்லை,” என்று அவரே சிரித்தார். யன்னல்களில் வெள்ளைக் கட்டங்கள் பெருகின.

எட்டு மாதங்களின் பின் கடிதம் வந்தது. விடைத்தாள்களை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டதாம்; விரும்பினால் பரீட்சையை மீண்டும் எழுதலாமாம். அண்ணை கடிதத்தோடு அதிகாரியின் அறைக்குப் போய், சற்று நேரத்தில் திரும்பினார்.

“லீவு கேட்டனீங்களே அண்ணை?”

“ஓம், கேட்டனான். யுத்தம் முடியுமட்டும் துறைமுகத்தில வேலை செய்யிற ஒருத்தரையும் விட ஏலாதாம்.” கதிரையை இழுத்து அமர்ந்தார். “எப்ப முடியுமெண்டும் கேட்டனான். அது தனக்கும் தெரியாதாம்.”

மறுவாரம் அதே குறிப்பு வந்தது. பழக்கத்தில் நான் அதைக் கடந்து அடுத்ததற்குப் போனேன். அண்ணை தாளைத் தம் பக்கம் இழுத்தார். பென்சிலை எடுக்கவில்லை. கந்தோர்ப் பேனையை மையில் தோய்த்து, இரண்டு எழுத்துகளையும் கோட்டில் படாமல் எழுதினார்.

“இனிப் பயமில்லை, தம்பி.”

அத்தாளை அவருடைய கதிரைக்கு நேரேயுள்ள கண்ணாடியில் ஒட்டினார்கள். பசையின் ஈரத்தில் மை பரவி, இரண்டு எழுத்துகளும் தடித்துத் தெரிந்தன. அவருக்கு முப்பத்தைந்து நிறைந்த அன்றும் அது அங்கேயே இருந்தது.

“உரிச்சு விடட்டே அண்ணை?” என்றேன்.

அவர் பதிவேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“வேண்டாம். வெளிச்சம் வெளியில தெரியும்.”