ஐந்து சங்கம், ஒரு கை

ஆல்டர்கோட்டில் பன்னிரண்டு சங்கங்கள் இருந்தன. பன்னிரண்டும் கூடுவது ஒரே ஊர் மண்டபத்தில். அவற்றில் ஐந்துக்குச் செயலாளர் கிளெனிஸ் டிரான்டர். பூ அலங்காரம், தோட்டம், சேர்ந்திசை, பின்னல், ஊர் வரலாறு.

பதவி ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும், "அடுத்த செயலாளர் யார்?" என்று கேட்டதும் ஊரே தன் செருப்பைக் குனிந்து பார்க்கும். அந்த மௌனத்தைக் கிளெனிஸால் மூன்று வினாடிக்கு மேல் தாங்க முடியாது. கை தானாக மேலே போய்விடும். அறுபத்தெட்டு வயதுக்குள் அந்தக் கை ஐந்து முறை போயிருந்தது.

அதே நோய் நெவில் ஆஸ்பினாலுக்கும். ஓய்வுபெற்ற நில அளவையாளர். புல்வெளிப் பந்து, சீட்டாட்டம், வினாடி வினா, பறவை என்று நான்கு சங்கங்கள் அவர் கையில். மிச்சம் மூன்றையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். ஆக, பன்னிரண்டு சங்கம், நான்கு செயலாளர். இருபது வருடமாக யாருக்கும் இது உறுத்தவில்லை.

உறுத்தியது ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை, கடிதம் வந்தபோது. ஓர் உடற்பயிற்சிக் கூடக்காரர்கள் மண்டபத்தைப் பத்து வருடத்துக்கு முழுதாகக் கேட்டிருந்தார்கள். கொடுத்துவிடலாம் என்று மண்டபக் குழு முடிவு செய்திருந்தது. அதைத் தடுக்க ஒரே வழி, அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எட்டுச் சங்கச் செயலாளர்கள் நேரில் வந்து கை தூக்குவது. ஒருவர் எத்தனை சங்கம் வைத்திருந்தாலும் ஒரு கைதான் கணக்கு.

கிளெனிஸ் நெவிலின் கதவைத் தட்டினார்.

"நம்மகிட்ட நாலு கைதான் இருக்கு நெவில். நீ ரெண்டு சங்கத்தை விட்டுக் குடு, நான் ரெண்டை விடறேன்."

"என் சங்கத்தையா? ஆள் தெரியாதவன் கைல குடுத்தா சீட்டுக்கட்டுல எத்தன சீட்டுன்னே எண்ணத் தெரியாது."

"மண்டபமே போனா எங்க உக்காந்து எண்ணுவ? பஸ் நிறுத்தத்துலயா?"

"மழைக்குக் கூரை இருக்கே," என்று நெவில் கதவைச் சாத்தினார். உள்ளிருந்து அவர் மனைவி மேவிஸ் சிரிக்கும் சத்தம் கேட்டது.

சரி, நான்கையும் நானே விடுகிறேன் என்று கிளெனிஸ் கிளம்பினார். ஊரில் யாரை எங்கே மடக்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி. தபால்காரரைத் தன் வாசலிலேயே பிடித்துத் தோட்டத்தை ஒப்படைத்தார். பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சேர்ந்திசை போனது. வாயில் பஞ்சோடு கிளெனிஸ் கேட்டதால் அவளால் மறுக்க முடியவில்லை. பின்னலுக்கு ரொட்டிக் கடைக்காரர் சம்மதித்தார். "எனக்குப் பின்னத் தெரியாதே," என்றார். "எனக்குந்தான் தெரியாது. பதினோரு வருஷமா யாராவது கண்டுபிடிச்சாங்களா?" என்றார் கிளெனிஸ்.

ஊர் வரலாற்றை மட்டும் இலவசமாகக்கூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியாகப் பூ அலங்காரம். அது அவரே தொடங்கிய சங்கம். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த செவிலி டமிலோலாவிடம் அதைக் கொடுக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வெள்ளிக்கிழமை வரைக்குந்தான். அப்புறம் நானே எடுத்துக்கறேன்."

"சரி ஆன்ட்டி," என்றாள் டமிலோலா. அந்த ஊரில் கிளெனிஸை யாரும் ஆன்ட்டி என்று அழைத்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கு முன்பே நான்கு சங்கத்திலும் உறுப்பினர்களைக் கூட்டி மாற்றத்தை முறைப்படி பதிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டமிலோலாவின் குறுஞ்செய்தி: வார்டில் ஆள் இல்லை, விடமாட்டேன் என்கிறார்கள், மன்னியுங்கள்.

ஏழு கை. ஒன்று குறைகிறது.

கிளெனிஸ் நேராக நெவிலிடம் போனார். "சீட்டாட்டத்தை விடு. இப்பவே."

"இப்ப எப்படி? செயலாளரை மாத்தணும்னா கூட்டம் போடணும். அஞ்சு உறுப்பினர் வேணும்."

"கோட்டு மாட்ற எடத்துல ஆறு பேர் நிக்கறாங்க. வா."

ஈரக் கோட்டுகளுக்கு நடுவே சீட்டாட்டச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. நெவில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் விலகறேன். அடுத்த செயலாளர் யாரு?" என்றார். ஆறு பேரும் செருப்பைப் பார்த்தார்கள். கிளெனிஸின் கை துடித்தது. அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

"நான்," என்றார் அந்த ஆறு பேரில் ஒருவரான மேவிஸ்.

"நீயா?"

"கடிதம் எழுதறது நான். மேசை போடறது நான். டீ போடறது நான். சீட்டை எண்ணி வைக்கறதும் நாந்தான். கையெழுத்து மட்டும் உங்களுது."

முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

உள்ளே எட்டுக் கைகள் உயர்ந்தன. மண்டபக் குழுத் தலைவர் இரண்டு தடவை எண்ணினார். எட்டு எட்டாகவே இருந்தது. மண்டபம் தப்பியது.

"வராதவகிட்ட எதுக்கு விட்டு வைக்கணும்? பூ சங்கத்தைத் திருப்பி எடுத்துக்கோ," என்று வெளியே வரும்போது நான்கு பேர் சொன்னார்கள். கிளெனிஸும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பூ அலங்காரக் கூட்டத்துக்கு வழக்கம்போல் அரை மணி முன்னதாகப் போனார். விளக்கு எரிந்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாக இல்லாமல் வட்டமாகக் கிடந்தன. நடுவில் டமிலோலா, வாளி நிறைய மஞ்சள் டாஃபடில் பூக்களோடு.

"என்ன இது வட்டமா?"

"வரிசையா போட்டா முன்னால இருக்கறவங்க முதுகைத்தானே பாக்கணும் ஆன்ட்டி? பூவைப் பாக்க வேணாமா?"

கிளெனிஸ் வாயைத் திறந்தார். இருபது வருடமாக வரிசைதான் என்று சொல்ல வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து எதுவும் தெரியாமல் தூங்கிப்போனவர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. கைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்களே?"

"எந்த வெள்ளின்னு சொல்லலையே."

டமிலோலா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். கோப்பை கழுவும் முறைப்பட்டியல். முதல் பெயர் கிளெனிஸ் டிரான்டர்.

"என்னைய எதுக்கு முதல்ல போட்ட?"

"உங்களுக்கு இனிமே நேரம் நெறைய இருக்குமே ஆன்ட்டி."

கிளெனிஸ் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வட்டத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து, ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.